சிங்க் வேறு, பேக்கப் வேறு

கணினி ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கையோடு சுமக்கும் லேப்டாப், வேலை செய்யும் இடத்தில் இன்னொன்று, போதாக்குறைக்குப் போன். வாசித்த குறிப்புகள், ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள், பாதியில் நிற்கும் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து 400 ஜிபி இருக்கும். எனக்கு வேண்டியது இரண்டு. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரணும். ஏதாவது ஒன்று போய்விட்டால், போனது திரும்பக் கிடைக்கணும்.

இரண்டும் ஒரே விஷயம் மாதிரி தெரியும். "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டிருக்கேன், பத்திரமா இருக்கு" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நாட்டுப்புறப் பாடல்கள் சேகரிக்கிறவர். ஊர் ஊராகப் போய்ப் போனிலேயே பதிவு செய்வார். அவருடைய சொந்தப் பாட்டி பாடிய தாலாட்டுகளும் அந்தப் பதிவுகளில் இருந்தன. ஒரு நாள் போனில் இடம் நிறைந்துவிட்டது. மேலே ஒரு காப்பி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பழைய பதிவுகளை அழித்து இடம் பண்ணினார். அந்தச் சேவை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. போனில் அழிந்ததை மேலேயும் அழித்தது, பிறகு லேப்டாப்பிலும் அழித்தது. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்திருக்கும். இவர் தேடிப் போனது நான்காவது மாதம். பாட்டி அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இங்கே எந்த மென்பொருளும் பழுதாகவில்லை. சிங்க் என்றால், தமிழில் ஒத்திசைவு என்கிறோமே அது, எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நீங்க ஒரு வரி சேர்த்தால் அது எல்லா இடத்துக்கும் போகும். நீங்க ஒன்றை அழித்தால் அந்த அழிப்பும் அதே வேகத்தில், அதே விசுவாசத்தோடு எல்லா இடத்துக்கும் போகும். பேக்கப் இதற்கு நேர் எதிர். நேற்று எப்படி இருந்ததோ அதை, இன்றைக்கு நீங்க என்ன செய்தாலும், அப்படியே வைத்திருப்பது. ஒன்று இடத்தைப் பற்றியது, மற்றது காலத்தைப் பற்றியது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, சிங்க் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும்.

முதலில் கோப்பை நகர்த்தும் வேலை. இதில் ஒரு அழகான கணக்கு இருக்கு. 1996 ஜூனில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராசும் ஆர்சிங்க் என்ற கருவியை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினையை நம்ம ஊர் கதையாகச் சொல்கிறேன். நெல்லையில் ஒருவரிடம் 500 பக்கக் கையெழுத்துப் பிரதி. சென்னையில் இன்னொருவரிடம் அதன் பழைய நகல். நெல்லைக்காரர் அங்கங்கே சில வரிகளை மாற்றியிருக்கிறார், எங்கெங்கே என்று அவருக்கே நினைவில்லை. எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுதையும் வாசித்துக் காட்டக் காசு கிடையாது. சென்னை நகலை எப்படிப் புதுப்பிப்பது?

சென்னைக்காரர் தன் நகலைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் எழுத்துகளை ஒரு முறைப்படி கூட்டி ஒரு எண்ணாக்குகிறார். அந்த எண்களை மட்டும் போனில் சொல்கிறார். நெல்லைக்காரர் தன் பிரதியில் அதே எண்கள் எங்கே வருகின்றன என்று தேடுகிறார். எண் ஒத்துப்போன துண்டைச் சொல்லவே வேண்டாம், "உங்க 17ஆம் துண்டு இங்கே வருது" என்றால் போதும். ஒத்துப்போகாத வரிகளை மட்டும் வாசித்தால் ஆச்சு.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நெல்லைக்காரர் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால்கூட அதற்கப்புறம் எல்லாமே நகர்ந்துவிடும். அவரும் சம அளவாக வெட்டினால் ஒரு துண்டுகூட ஒத்துப்போகாது. அதனால் அவர் வெட்டுவதில்லை. துண்டு அளவுக்கு ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே போகிறார், ஒவ்வொரு நிலையிலும் கூட்டுத்தொகை பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டினால் விடிந்துவிடும். ஆனால் சட்டம் ஒரு எழுத்து நகரும்போது இந்தப் பக்கம் ஒன்று வெளியே போகிறது, அந்தப் பக்கம் ஒன்று உள்ளே வருகிறது, அவ்வளவுதான். போனதைக் கழித்து வந்ததைக் கூட்டினால் புதுத் தொகை தயார். இதுதான் உருளும் கூட்டுத்தொகை. இது சுலபமான கணக்கு என்பதால் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். அதனால் ஒத்துப்போன இடத்தில் மட்டும் இன்னொரு கடினமான கணக்கைப் போட்டு உறுதி செய்துகொள்வார்கள். இன்றைக்கும் உலகத்தில் எத்தனையோ சர்வர்களில் ராத்திரி நேரத்தில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

(ஒரு இடைச்செருகல். இந்த வித்தை நெட்வொர்க்கில் அனுப்பும்போதுதான். ஒரே கணினியில் இருக்கும் டிஸ்கிலிருந்து பென் டிரைவுக்கு ஆர்சிங்க் பண்ணினால் மாறிய கோப்பை அது முழுசாகவே எழுதும், அது சொல்லி வைத்த ஏற்பாடு. மாறியதா என்று அது முதலில் பார்ப்பது அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும். பழைய ஃபேட் வகைப் பென் டிரைவில் நேரம் 2 விநாடிக்கு ஒரு முறைதான் பதிவாகும். அதனால் மாறாத கோப்பும் மாறின மாதிரி தெரிந்து திரும்பத் திரும்ப எழுதப்படும். ஒரு விநாடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல அதில் ஒரு விருப்பம் இருக்கு.)

ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. இங்கிருந்து அங்கே. இரண்டு பக்கமும் மாற்றங்கள் நடக்கும் என்றால் இன்னொரு சிக்கல் வருகிறது, அதுதான் எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் ரொம்பப் பிடித்த பகுதி. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பு இருக்கு, லேப்டாப்பில் இல்லை. என்ன நடந்திருக்கும்? டெஸ்க்டாப்பில் புதுசா உருவாக்கியிருக்கலாம். அப்படின்னா லேப்டாப்புக்கு அனுப்பணும். அல்லது முன்பு இரண்டிலும் இருந்து, லேப்டாப்பில் அழித்திருக்கலாம். அப்படின்னா டெஸ்க்டாப்பிலும் அழிக்கணும். இரண்டு டிஸ்குகளையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. கண் முன்னால் இருப்பது இரண்டு நிகழ்காலங்கள். கேள்வியோ இறந்தகாலத்தைப் பற்றியது.

அதனால் இருவழி ஒத்திசைவு செய்யும் எந்தக் கருவியும் போன முறை எப்படி விட்டுப் போனோம் என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெஞ்சமின் பியர்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை வரையறுக்கவே உட்கார்ந்தார்கள். ஃபைல் சிங்க்ரனைசர் என்றால் என்ன என்பதையே தலைப்பாக வைத்து 1998இல் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. அந்த வழியில் வந்த மென்பொருள்தான் யூனிசன். அது இரண்டு கணினியிலும் பழைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. குறிப்பேட்டில் கோப்பு இருந்து இப்போது ஒரு பக்கம் இல்லையென்றால் அழிப்பு. குறிப்பேட்டிலேயே இல்லையென்றால் புதுசு.

சரி, ஒரே கோப்பை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால்? யாருடைய திருத்தம் பிந்தியது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் கடிகாரத்தை நம்ப முடியாது. பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், நெட் கிடைக்கும்வரை அது ஏதோ ஒரு பழைய வருடத்தில் இருக்கும். கடிகாரம் சரியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நான் காலையில் டெஸ்க்டாப்பில் இரண்டு பத்தி எழுதினேன், மதியம் ரயிலில் நெட் இல்லாமல் லேப்டாப்பில் பழைய பிரதியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பிந்தியது என்று அதை வைத்துக்கொண்டால் இரண்டு பத்தி போச்சு.

இதற்கான தீர்வு 1983இலேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லோகஸ் என்றொரு பகிர்வு இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஸ்டாட் பார்க்கரும் சகாக்களும், கடிகாரத்தை விட்டுவிட்டுத் திருத்தங்களை எண்ணச் சொன்னார்கள். ஒவ்வொரு கோப்போடும் கணினிக்கு ஒன்றாக எண்கள் ஒட்டியிருக்கும். என் கட்டுரை இப்போது இரண்டு கணினியிலும் "டெஸ்க்டாப் 4, லேப்டாப் 2" என்று இருக்கிறது. லேப்டாப்பில் மட்டும் திருத்தினால் அங்கே "4, 3" ஆகும். டெஸ்க்டாப்பில் இன்னும் "4, 2". முதலாவது எல்லா இடத்திலும் சமமாகவோ கூடவோ இருக்கிறது, ஆக அதுதான் புதுசு, சண்டையே இல்லை. ஆனால் டெஸ்க்டாப்பிலும் திருத்தியிருந்தால் அங்கே "5, 2". இப்போது "5, 2"க்கும் "4, 3"க்கும் எது பெரிசு? எதுவும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கருவி அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மனிதனைக் கூப்பிட வேண்டும்.

நான் பயன்படுத்தும் சிங்க்திங் இந்த முறையில்தான் ஓடுகிறது. யாகோப் போர்க் 2013 கடைசியில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் கோப்பு தங்காது, என் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. மோதல் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும், ஒன்றின் பெயரில் மட்டும் மோதல் என்று ஒரு வால் சேர்க்கும். வாரம் ஒரு முறை அந்த வாலைத் தேடிப் பார்த்து, இரண்டையும் திறந்து வைத்து, கையால் சேர்த்துவிடுவேன். வருடத்துக்கு நாலைந்து வரும்.

எல்லாக் கோப்பையும் இப்படிச் சேர்க்க முடியாது. ஆய்வு செய்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, தரவுத்தள வகைக் கோப்புகள். நூல்விவரங்களைச் சேர்த்து வைக்கும் சொட்டேரோ மாதிரியான மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அது பாதி எழுதிய நிலையில் இருக்கும்போது சிங்க் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கம் போய்ச் சேருவது பாதிக் கோப்பு. சொட்டேரோக்காரர்களே தங்கள் தரவு ஃபோல்டரை கிளவுட் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள், அதற்கென்று அவர்களிடம் தனி வசதி இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் கிட் களஞ்சியத்தை சிங்க் ஃபோல்டருக்குள் வைப்பதும் இதே கதைதான். உள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் ஒன்றை ஒன்று நம்பி இருக்கும், சிங்க்குக்கு அந்த உறவுமுறை தெரியாது. கிட்டுக்குத் தன்னைத் தானே நகர்த்திக்கொள்ளத் தெரியும், அதை அதன் வழியில் விட்டுவிடுவது நல்லது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கு. இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். "க"வுக்கு அப்புறம் "ோ" என்ற ஒற்றைக் குறி. அல்லது "க"வுக்கு அப்புறம் "ே" என்ற இரட்டைக் கொம்பு, பிறகு "ா" என்ற துணைக்கால் என்று தனித்தனியாக இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. "கோப்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்து எழுதினால் 6 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 18 பைட். பிரித்து எழுதினால் 7 குறியீடுகள், 21 பைட்.

நாம் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் சேர்ந்த வடிவம்தான் விழும். லினக்ஸ் கோப்புப் பெயரை வெறும் பைட் வரிசையாக மட்டுமே பார்க்கும், என்ன கொடுத்தீர்களோ அதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் ஆப்பிள் மேக் கணினிகளில் 2017 வரை இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எல்லாப் பெயர்களையும் கட்டாயமாகப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். விளைவு என்ன? லினக்ஸிலிருந்து "கோப்பு" என்று 18 பைட்டில் அனுப்புகிறீர்கள். மேக் அதை 21 பைட்டாக வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை சிங்க் வந்து பார்க்கும்போது தான் அனுப்பிய பெயர் அங்கே இல்லை, தனக்குத் தெரியாத ஒரு புதுப் பெயர் இருக்கிறது. மேலே சொன்ன அந்தக் கேள்வி திரும்ப வந்துவிட்டது: பழையதை அழித்துவிட்டார்களா, புதுசா ஒன்றை உருவாக்கினார்களா? ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்பதைப் பார்த்துக் குழம்பியவர்கள் இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். பெயர்கள் கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. "மாடு", "பட்டம்" என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை வந்தே இருக்காது, "தொல்காப்பியம்" என்று வைத்தவர்களுக்கு வந்திருக்கும்.

இப்போதைய மேக் கோப்பு முறை எழுதியதை எழுதியபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. சிங்க்திங் பெயர்களைத் தானே ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆர்சிங்கில் பெயர்க் குறியாக்கத்தை மாற்ற ஐகான்வ் என்ற விருப்பத்தைச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்குகளிலிருந்து எடுக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, ஆண்ட்ராய்டு போனிலும் அதே கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட், ஆக அவர்களுக்கு 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆக 85 குறியீடுகள்தான். அதிலும் "தமிழ்நாடு" என்ற ஐந்தெழுத்துச் சொல்லே 9 குறியீடுகள் பிடிக்கும். விண்டோஸ் வேறு மாதிரி எண்ணுவதால் அங்கே தமிழுக்கும் 255 வரை இடம் உண்டு. ஏதோ ஒரு கட்டுரையை அதன் முழுத் தலைப்போடு விண்டோஸில் சேமித்திருப்பீர்கள், லினக்ஸ் பக்கம் அது வரவே வராது, சிங்க் பிழைப் பட்டியலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். நான் தேதியை எண்ணில் போட்டு, பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி பேக்கப். சிங்க்கில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் சிங்க்திங்கில் நாமாகப் போய் இயக்கினால்தான் அது வேலை செய்யும். அதுவும் மற்ற கணினியிலிருந்து வரும் மாற்றத்துக்கு முன்னால் இருந்ததைத்தான் எடுத்து வைக்கும், அதே கணினியில் நீங்களே அழித்ததை அல்ல. ரேய்டு போட்டிருக்கேன், இரண்டு டிஸ்கில் எழுதுது என்பதும் பதில் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்க அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிக்கும்.

இது வீட்டுக் கணினிக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அங்கே முதன்மைத் தரவுத்தளமும் அதன் பிரதியும் ஒத்திசைவில் ஓடிக்கொண்டிருந்தன. பிரதி பின்தங்கியது. அதைச் சரிசெய்ய, பிரதியின் ஃபோல்டரை அழிக்கப் போன பொறியாளர் முதன்மையில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இல்லாமலா இருந்தது? ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. தினமும் தரவுத்தளத்தை எடுத்து வெளியே அனுப்பும் வேலை பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது, ஏனென்றால் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6. தோற்றுப்போனதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பின, ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பு அமைப்புச் சரியில்லாததால் போய்ச் சேரவில்லை. வெளியே இருக்கும் கிடங்கைத் திறந்து பார்த்தால் காலி. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. இடைப்பட்ட 6 மணி நேரத்தில் உருவான சுமார் 5000 திட்டங்களின் விவரங்களும், அதே அளவு கருத்துகளும், 700 புதுப் பயனர்களும் போனது போனதுதான். நிரல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தன.

எனக்கு இதில் பயமாக இருப்பது அழித்தது அல்ல, யார் வேண்டுமானாலும் அழிப்பார்கள். காலி கிடங்கு பல நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததுதான் பயம்.

எத்தனை காப்பி வேண்டும் என்பதற்குப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன 3-2-1 கணக்கு பரவலானது. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு இடத்தில். இதில் நான் விட்டுக்கொடுக்காதது கடைசி ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்து தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால், கணினியும் அதே மேசை இழுப்பறையில் இருக்கும் டிஸ்கும் ஒன்றாகத்தான் நனையும். கிளவுட் என்பதும் எங்கேயோ இருக்கும் ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

என் ஏற்பாடு இதுதான். மூன்று கணினிக்கும் நடுவில் சிங்க்திங். டெஸ்க்டாப்பிலிருந்து மட்டும் ராத்திரி ஒரு முறை ரெஸ்டிக் என்ற கருவி பேக்கப் எடுக்கும். வீட்டில் ஒரு வெளி டிஸ்கில் ஒன்று, திருநெல்வேலியில் அக்கா வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையோடு இணைத்த டிஸ்கில் இன்னொன்று. தினமும் 400 ஜிபியா போகும்? போகாது. ரெஸ்டிக் கோப்புகளைத் துண்டு போட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் துண்டை மறுபடி எழுதாது. துண்டு எங்கே முடிய வேண்டும் என்பதைக் கோப்பின் உள்ளடக்கமே தீர்மானிக்கும், நடுவில் ஒரு வரி சேர்ந்தால் அந்த இடத்துத் துண்டு மட்டும்தான் மாறும். எப்படி என்றால், நெல்லைக்காரர் செய்த மாதிரி ஒரு சட்டத்தை உருட்டிக்கொண்டே போய்த்தான். அந்த உருட்டும் யோசனை இங்கேயும் வேலை செய்கிறது. தினமும் போவது பெரும்பாலும் சில பத்து எம்பி. 14 நாட்களுக்குத் தினப் பிரதி, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். நான்காவது மாதம் ஞாபகம் வந்து தேடினாலும் கிடைக்கணும் இல்லையா.

ஊரில் இருக்கும் பிரதியில் என் கணினியால் புதுசா சேர்க்க மட்டும்தான் முடியும், பழையதை அழிக்க முடியாது. அழிக்கும் அதிகாரம் அந்த ராஸ்பெர்ரி பைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான். இது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்காக. அது என் கணினிக்குள் வந்தால் கைக்கு எட்டும் பேக்கப்பையும் அழிக்கப் பார்க்கும். சிங்க்கோ பூட்டிய கோப்புகளைப் புதிய பதிப்பு என்று நினைத்து மற்றக் கணினிகளுக்கும் ஆசையாக அனுப்பி வைக்கும்.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான் எழுதும், அதற்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறேன். அந்த பாஸ்வேர்ட் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்த மாதிரிதான். அது கணினிக்குள்ளேயே இருந்து கணினி போய்விட்டால் என்ன பயன்? தாளில் எழுதி, உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு ஒன்று, என் மனைவியிடம் ஒன்று.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஒரு முறை நேற்றையது, ஒரு முறை ஆறு மாதம் முந்தியது. திறக்குதா, உள்ளே இருக்கிறது சரியா இருக்கா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். கிட்லேப் கதையைப் படித்த பிறகு "பேக்கப் வெற்றி" என்று வரும் மின்னஞ்சலை விட இந்தப் பத்து நிமிடத்தைத்தான் நம்புகிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஒரு முழு ஃபோல்டரைக் காலி டிஸ்கில் மீட்டுப் பார்க்கிறேன்.

முழு 400 ஜிபியையும் ஒரே நாளில் கேட்கும் நிலைமை வந்தால்? அக்கா வீட்டு இணைப்பு நல்ல நாளில் 40 எம்பிபிஎஸ் கொடுக்கும். கணக்குப் போட்டால் 22 மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். அக்காவிடம் சொல்லி வச்சிருக்கேன், அப்படி ஒரு நாள் வந்தா டிஸ்கைக் கழற்றி, நெல்லை எக்ஸ்பிரஸ்ல வர்ற தெரிஞ்சவங்க யார் கையிலயாவது குடுத்து விடு, காலைல நான் எழும்பூர் ஸ்டேஷன்ல போய் வாங்கிக்கிறேன்னு.